நமக்குச் சுவிசேஷம் அனுப்பிய தேசத்துக்காக





இந்த வாரத் தியானத்தை ஒரு பாவ அறிக்கையோடு தொடங்க வேண்டியிருக்கிறது. சில வாரங்களுக்கு முன், ஞாயிறு ஆராதனை முடிந்து நான் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, நம் சபையின் தாய் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய மகன் டென்மார்க் தேசத்தின் தலைநகரான கோபன்ஹேகனில் கணினித் துறையில் வேலை செய்கிறார். ஞாயிறு பள்ளியில் என்னிடம் வசனம் ஒப்பித்த பிள்ளை. "ஐயா, அவன் அங்க கோயிலுக்கே போறதில்லையாம். யாருமே போறதில்லையாம். போகாதவங்கதான் நல்லவங்களா இருக்காங்கன்னு சொல்றான். ஜெபம் பண்ணுங்க ஐயா" என்றார்.

அன்று எனக்கு அவசரம். அடுத்த கிராமத்தில் இன்னொரு ஆராதனை காத்திருந்தது. "அம்மா, அந்த ஐரோப்பிய சபைகளெல்லாம் எப்போதோ செத்துப்போய்விட்டன. வேறு நல்ல நாட்டில் வேலை தேடச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு வண்டியை நோக்கி நடந்தேன். அவர் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்: "எம் பையன் செத்துப்போகலையே ஐயா. ஜெபம் பண்ணுங்கன்னுதானே கேட்டேன்."

வழி நெடுக அந்தச் சொல் என்னை விடவில்லை. ஜெபம் கேட்டு வந்தவருக்கு நான் கொடுத்தது தீர்ப்பு. அதுவும் நான் ஒருமுறைகூடக் கண்டிராத ஒரு சபையைக் குறித்த தீர்ப்பு.

பிரியமானவர்களே, நம் ஊர்க் கோட்டையை ஐரோப்பாவுக்கு உவமையாக நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். உங்களுக்கு நினைவிருக்கும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று மலைகளையும் வளைத்து நிற்கிற மதிலைக் காட்டுவேன். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டும் எளிதில் விழாத கோட்டை இது. இன்று கல்யாண மஹாலில் அரசர் இல்லை, நெற்களஞ்சியத்தில் நெல் இல்லை. மதில் நிற்கிறது, காவலர் இல்லை. நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு மக்கள் பார்த்துவிட்டுப் போகிறார்கள். 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டது. "மேல்நாட்டு ஆலயங்களும் இப்படித்தான், கல் இருக்கிறது, ஜனம் இல்லை" என்று முடிப்பேன். நீங்களும் தலையசைப்பீர்கள்.

அந்தப் பிரசங்கத்தில் நான் ஒன்றை மறைத்துவிட்டேன். அந்தத் தேசத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதை நான் சொல்லவே இல்லை.

1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடிக் கரையில் இரண்டு வாலிபர்கள் வந்து இறங்கினார்கள். பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்றி புளூட்சோவும். இருவரும் ஜெர்மானியர்கள், ஆனால் அவர்களை அனுப்பியவர் டென்மார்க்கின் அரசர் நான்காம் பிரெடரிக். சீகன்பால்கு பிள்ளைகளோடு பிள்ளையாக மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சேறியது. 1718-இல் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. 1719-இல் அவர் தமது 36-ஆவது வயதில் தரங்கம்பாடியிலேயே மரித்து, அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் பண்ணப்பட்டார். அவருடைய காலத்துக்குப்பின் 1733-இல், நம் பக்கத்துக் கடலூரில் பிறந்த ஆரோன், இந்திய மண்ணின் முதல் சீர்திருத்தச் சபைப் போதகராக அபிஷேகம் பெற்றார்.

அந்த டென்மார்க்கும் பரிசுத்தவான்களின் தேசமாக இருக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தரங்கம்பாடியில் சீகன்பால்குவை நான்கு மாதம் சிறையில் அடைத்தது வேறு யாருமல்ல, ஞானஸ்நானம் பெற்ற டேனிஷ் ஆளுநரே. கோட்டையில் வணிகம் பெரிதாயிருந்தது. மிஷனெரிகள் அங்கே இடைஞ்சலாக எண்ணப்பட்டார்கள். அக்காலத்திலும் ஒரு தேசத்தின் பெரும்பான்மை சுவிசேஷத்தைச் சுமந்துவரவில்லை. ஜெபித்த சிலரே சுமந்துவந்தார்கள்.

நம் பகுதிக்கு வருவோம். 1821-இல் தொடங்கிய டேனிஷ் மிஷனெரி சங்கம், 1860-களில் பழைய தென்னாற்காடு ஜில்லாவுக்கு வந்தது. மேல்பட்டாம்பாக்கம், திருக்கோவிலூர், கடலூர் என்று அவர்களுடைய ஊழியம் பரவி, இன்று ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக நிற்கிறது. நாம் செஞ்சியிலிருந்து கோட்டையைக் கடந்து மேற்கே போனால் வருகிற திருவண்ணாமலையில், டேனிஷ் மிஷன் பள்ளியில் படித்தவர்கள் எத்தனை பேர்! "டேனிஷ் மிஷன்" என்ற பெயரை நம் பிள்ளைகள் தினமும் சொல்லுகிறார்கள். ஆனால் அது ஒரு தேசத்தின் பெயர் என்பதும், அந்தத் தேசத்துக் கிராமத்து மக்கள் தங்கள் கையிருப்பிலிருந்து கொடுத்த காணிக்கையால் இங்கே ஊழியம் நடந்தது என்பதும் நமக்கு மறந்துபோயிற்று.

ரோமருக்கு எழுதின நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலனாகிய பவுல் ஒரு கணக்கைச் சொல்லுகிறார். மக்கெதோனியா, அகாயா நாட்டுச் சபைகள், எருசலேமிலுள்ள தரித்திரருக்காகப் பணம் சேர்த்தன. அது தர்மம் அல்ல, கடன் என்கிறார் பவுல். எருசலேமிடமிருந்து ஆவிக்குரிய நன்மையைப் பெற்றவர்கள், எருசலேமின் குறைவில் உதவக் கடமைப்பட்டவர்கள். இந்த வேதபகுதியை நாம் காணிக்கைப் பிரசங்கத்துக்கு மட்டுமே எடுக்கிறோம். ஆனால் இந்தக் கணக்கை நாம் நம்மேலும் போட்டுப் பார்க்க வேண்டும். டென்மார்க்குக்கு நம் பணம் தேவையில்லை. அங்கே குறைவுபட்டிருப்பது வேறொன்று.

அந்தத் தேசத்தின் இன்றைய நிலை என்ன? அதன் கொடியில் சிலுவை இருக்கிறது. நார்வே, ஸ்வீடன் கொடிகளிலும் அப்படியே. 1849-இன் அரசியல் சாசனம் லுத்தரன் சபையை மக்களின் சபையாக ஏற்றுக்கொண்டது. இன்றும் பத்தில் ஏறக்குறைய ஏழு பேர் அதன் அங்கத்தினர்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம், பதின்வயதில் திடப்படுத்தல், முடிவில் அடக்க ஆராதனை எல்லாம் உண்டு. ஆனால் சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் ஆலயத்துக்கு வருகிறவர்கள் மிகச் சிலர். விசுவாசத்தை யாரும் எதிர்க்கவில்லை. அது தேவைப்படாத பொருளாய், பரணில் வைத்த பாத்திரமாய் இருக்கிறது.

அந்தச் சகோதரன் தாயிடம் சொன்ன மற்றதையும் நாம் தள்ளிவிட முடியாது. அங்கே லஞ்சம் அரிது. முதியோரையும் நோயாளிகளையும் அரசு தாங்குகிறது. ஒருவர் சொல்லை மற்றவர் நம்புகிறார். இந்த நன்மைகளில் பல, நூற்றாண்டுகளாகப் பிரசங்கிக்கப்பட்ட வசனத்தின் கனிகள் என்று நான் நம்புகிறேன். கனியைப் பறித்துச் சாப்பிடுகிறவர்கள் வேரை மறந்திருக்கலாம். அதற்காகக் கனியைக் கெட்டது என்று நாம் சொல்லக் கூடாது. அவர்களுடைய நன்மையைப் பழித்துவிட்டு அவர்களுக்காக ஜெபிக்க முடியாது.

கோபன்ஹேகனில் வாழ்ந்த சோரன் கீர்க்ககார்ட் என்ற சிந்தனையாளரை நான் இறையியல் கல்லூரியில் படித்தேன். அவர் 1855-இல் மரித்தார். தம் வாழ்நாளின் கடைசி மாதங்களில் தம் தேசத்துச் சபையை அவர் கடுமையாகக் கடிந்துகொண்டார். எல்லோரும் பிறப்பினாலேயே கிறிஸ்தவர்கள் என்று ஆகிவிட்ட இடத்தில், கிறிஸ்தவம் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும் என்பதே அவருடைய எச்சரிப்பின் சாரம். அன்று ஆலயங்கள் இன்றுபோல் காலியாக இருக்கவில்லை. நோய் உள்ளே இருந்தபோது உடல் கொழுத்துத்தான் இருந்தது. மாணவனாய் அதை நான் டென்மார்க்கின் நோய் என்று படித்தேன். அது நம்முடைய நோயும் ஆகலாம் என்று அப்போது தோன்றவில்லை.

இந்த நினைவுகளோடு அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டு, மகனுடைய எண்ணை வாங்கி அவரோடு பேசினேன். அவர் மரியாதையாகப் பேசினார். விசுவாசத்தை விட்டுவிட்டதாக அவர் சொல்லவில்லை. குளிர்காலத்தின் நீண்ட இருட்டைப் பற்றியும், தனிமையைப் பற்றியும் சொன்னார். "உங்களுக்காக, அந்தத் தேசத்துக்காக ஜெபிக்கிறோம் தம்பி" என்றேன். சற்றே அமைதிக்குப் பிறகு அவர் கேட்டார்: "சந்தோஷம் ஐயா. நம்ம கிராமத்துல கல்லறைத் தோட்டம் இன்னும் ரெண்டாத்தான் இருக்கா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அவர்களுடைய பூர்வீகக் கிராமத்தில் ஒரே ஆண்டவரின் பந்தியில் அமர்கிற ஜனங்களை, மரித்த பின் ஒரு சுவர் பிரிக்கிறது. இந்தப் பக்கம் ஒரு ஜாதி, அந்தப் பக்கம் ஒரு ஜாதி. "இருக்கிறது தம்பி" என்றேன். "என் தாத்தாவ அந்தப் பக்கம் வெச்சாங்க. எனக்கு அப்ப பன்னிரண்டு வயசு. இங்க என்கூட வேலை செய்றவங்க கடவுள் இல்லன்னு சொல்றாங்க. ஆனா நான் என்ன ஜாதின்னு ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார்.

பிரியமானவர்களே, எழுப்புதலுக்குத் தடையாயிருப்பது என்ன என்று நாம் உபவாசக் கூட்டங்களில் பட்டியல் போடுகிறோம். தொலைக்காட்சி, கைப்பேசி, மேல்நாட்டு நாகரிகம் என்கிறோம். அந்தச் சுவரை நாம் பட்டியலில் சேர்ப்பதில்லை. அந்த வாலிபனை ஆலயத்தைவிட்டு வெளியே அனுப்பியது டென்மார்க் அல்ல. அவர் விமானம் ஏறுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நாம் அவரை அனுப்பிவிட்டோம்.

இது புதிய பாவமும் அல்ல. தரங்கம்பாடியின் ஆலயத்திலேயே ஜாதிப்படி தனித்தனி இடங்கள் இருந்தன. மிஷனெரிகள் அதைச் சகித்தார்கள். பின்பு 19-ஆம் நூற்றாண்டில், சபைக்குள் ஜாதியைச் சகிப்பதா கூடாதா என்பது லுத்தரன் மிஷனெரிகளிடையே பெரும் வழக்காயிற்று. கார்ல் ஒக்ஸ் என்ற மிஷனெரி, ஜாதியைச் சகிக்க இயலாது என்று தம் சங்கத்தைவிட்டுப் பிரிந்து மேல்பட்டாம்பாக்கத்தில் ஊழியத்தைத் தொடங்கினார். அவரையே டேனிஷ் மிஷனெரி சங்கம் சேர்த்துக்கொண்டது. அதாவது, டென்மார்க்கின் ஊழியம் நம் ஜில்லாவுக்குள் நுழைந்த வாசலே இந்தக் கேள்விதான். 160 ஆண்டுகளுக்குப் பின் அதே கேள்வியை டென்மார்க்கிலிருந்து நம் பிள்ளை கேட்கிறான். கர்த்தர் நம்மோடு இடைப்படுகிறார் என்பதை நான் சந்தேகிக்கவில்லை.

அப்படியானால் நாம் அந்தத் தேசத்துக்காக ஜெபிக்கத் தகுதியற்றவர்களா? தகுதியுள்ளவர்கள் மட்டும் ஜெபிக்க வேண்டுமானால் ஜெபம் பூமியில் இராது. தானியேல் 9-ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி தன் ஜனத்துக்காக மன்றாடும்போது, பாவம் செய்தவர்களைச் சுட்டிக்காட்டாமல் தன்னையும் அவர்களோடு சேர்த்தே அறிக்கையிடுகிறார். நம்முடைய ஜெபமும் அப்படியே இருக்கட்டும். 'அவர்களை எழுப்பும்' என்று அல்ல, 'எங்களை எழுப்பும்' என்று சொல்லுவோம். அந்த 'எங்களை'க்குள் செஞ்சியும் இருக்கட்டும், கோபன்ஹேகனும் இருக்கட்டும்.

எழுப்புதல் அந்த வட தேசங்களுக்கு இதுவரை எப்படி வந்தது என்பதும் நமக்கு நம்பிக்கை தருகிறது. ஆன்ஸ்கார் என்ற துறவி 829-ஆம் ஆண்டளவில் ஸ்வீடனின் பிர்கா என்ற வணிக நகருக்குச் சென்று சுவிசேஷம் அறிவித்தார். சில ஆண்டுகளில் அந்தச் சிறு சபை கலகத்தால் சிதறடிக்கப்பட்டது. முதிர்ந்த வயதில் அவர் மறுபடியும் கப்பலேறி அங்கே போனார். முதல் விதை அழிந்த நிலத்தில் இரண்டாம் முறையும் விதைத்தார்.

நார்வேயில் ஹான்ஸ் நீல்சன் ஹாகே என்ற விவசாயியின் மகன், 1796-இல் தகப்பனுடைய வயலில் உழுதுகொண்டிருந்தபோது தேவனுடைய அன்பினால் ஆட்கொள்ளப்பட்டார். அவர் குருவானவர் அல்ல. போதகரின் மேற்பார்வையில்லாமல் கூட்டம் நடத்துவதை 1741-இன் சட்டம் தடுத்திருந்தது. ஆனாலும் அவர் தேசமெங்கும் நடந்தார். நடந்துகொண்டே கம்பளி நூலால் பின்னல் வேலையும் செய்வாராம்; கை சும்மாயிராது, வாயும் சும்மாயிராது. வீடு வீடாய்ப் பேசினார். 1804-இல் கைதாகிப் பத்தாண்டு காலம் சிறையும் வழக்குமாய்க் கழித்து, உடல் நலிந்து வெளியே வந்தார். ஆனால் அவர் மூட்டிய தீ அணையவில்லை. நார்வேயின் எழுப்புதல் அரண்மனையிலோ பேராலயத்திலோ தொடங்கவில்லை. உழவுசாலில் தொடங்கிற்று. உழவுசால் நமக்குத் தெரியாததா? மணிலாவும் நெல்லும் விளைகிற இந்தப் பூமியின் ஜனங்கள் நாம்.

ஆகையால் வருகிற நாட்களில் நாம் சேர்ந்து செய்யவேண்டிய சில காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் டென்மார்க், நார்வே, ஸ்வீடன் தேசங்களின் பெயரைச் சொல்லி ஜெபிப்போம். வெறும் விரல்விட்டு எண்ணத்தக்க ஜனத்துக்கு முன்பாக ஒவ்வொரு ஞாயிறும் உண்மையாய்ப் பிரசங்கிக்கிற அந்நாட்டுப் போதகர்களை நினைப்போம். முன்வரிசை காலியாயிருந்தாலே மனம் சோர்கிறவன் நான். அவர்களுடைய பொறுமை எனக்குப் பாடமாயிருக்கிறது.

இரண்டாவது, அங்கே வாழ்கிற நம் பிள்ளைகளுக்காக ஜெபிப்போம். 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து அகதிகளாய்ப் போன தமிழ்க் குடும்பங்கள் அந்தத் தேசங்களில் வேரூன்றியிருக்கின்றன. தமிழில் ஆராதிக்கும் சபைகளும் அங்கே உண்டு. யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து, குளிருக்குள் விசுவாசத்தைச் சுமந்துபோன அந்தச் சகோதரரை, தங்கள் அயலாருக்குச் சாட்சிகளாக ஆண்டவர் பயன்படுத்தும்படி கேட்போம். சாட்சி என்பது மேடையல்ல. இருட்டான மாலையில் தனியே இருக்கிற பக்கத்து வீட்டு முதியவரை ஒரு வேளை சோற்றுக்கு அழைப்பதும் சாட்சிதான்.

மூன்றாவது, உங்கள் வீட்டிலிருந்து வெளிநாடு போனவர்களிடம் "கோயிலுக்குப் போனாயா?" என்று மட்டும் கேட்காதிருங்கள். "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டு, பதிலை முழுவதும் கேளுங்கள். அவர்கள் நம்மைக் குறித்துச் சொல்லும் குறையையும் கேளுங்கள். என் காதுக்கு அது கசப்பாயிருந்தது, ஆனால் மருந்தாயிருந்தது.

நான்காவது, அந்தச் சுவர். அந்தக் கிராமத்துப் பெரியவர்களோடு லெந்து நாட்களுக்கு முன்பாக உட்கார்ந்து பேசப்போகிறேன். எளிதாயிராது என்று அறிவேன். சிலர் கோபப்படுவார்கள், சிலர் காணிக்கையை நிறுத்துவார்கள். இத்தனை ஆண்டுகள் பேசாமலிருந்தது என் குற்றம். உங்கள் ஜெபத்தில் என்னையும் தாங்குங்கள். வட தேசத்தின் எழுப்புதலுக்காக முழங்காலிடுகிறவன், தன் வட்டத்தின் சுவரைக் கண்டும் காணாதவன்போல் எழுந்து போகக் கூடாது.

கடந்த வாரம் அந்தத் தாயின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் தினமும் விடியற்காலம் நாலரை மணிக்கு எழுந்து மகனுக்காக முழங்காலிடுகிறாராம். குளிர்காலத்தில் அந்த நேரம் கோபன்ஹேகனில் நள்ளிரவு. "அவன் தூங்கப் போற நேரத்துல நான் எழுந்திருக்கேன் ஐயா. அதனால அவன் எந்நேரமும் காவலில்லாம இருக்க மாட்டான்" என்றார்.

மதில் நிற்கிறது, காவலர் இல்லை என்று நான் பிரசங்கித்துக்கொண்டிருந்த காலமெல்லாம், நம் தெருவிலேயே ஒரு காவலர் விழித்திருந்தார். மகன் இன்னும் ஆலயத்துக்குப் போகவில்லை. தாய் இன்னும் எழுந்திருக்கிறார். நாமும் அவரோடு எழுந்திருப்போமாக.

ஜெபம்: அன்பின் பரமபிதாவே, கடல் கடந்து எங்களுக்கு உமது வார்த்தையை அனுப்பிய தேசங்களுக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். கடனை மறந்து அவர்களை நியாயந்தீர்த்த எங்களை மன்னியும். டென்மார்க்கிலும் நார்வேயிலும் ஸ்வீடனிலும், எங்கள் செஞ்சியிலும், உமது ஆவியானவரின் அசைவை மறுபடியும் காணச் செய்யும். தூரத்தில் இருக்கிற எங்கள் பிள்ளைகளை உமது கரத்தில் ஒப்புவிக்கிறோம். அவர்கள் திரும்பி வரும்போது வெட்கப்படாதபடி, எங்கள் நடுவிலுள்ள சுவர்களை இடித்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.